நடக்கிற சோடி

பியட்றிஸ் ஆன்டிக்கு என்னைப் பிடிக்காது. அதில் அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஒரே மகளுக்கு அவர் நினைத்து வைத்திருந்த மாப்பிள்ளை கத்தோலிக்கன், மாதச் சம்பளக்காரன், இரவில் தூங்குகிறவன். வந்து சேர்ந்ததோ மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்து ஆள், சைவம், பல்லேகலவில் நூல் சுற்றும் ஆலையொன்றில் நைட் ஷிப்ட் செய்துவிட்டு ஒரு காலையில் வெளியே வந்து, பிறகு திரும்பிப் போகாதவன். ஏன் போகவில்லை என்று எல்லாரும் கேட்டார்கள். எனக்கே சரியான பதில் தெரியாது. இப்போது நண்பன் சதீஸ்குமாரின் ஆட்டோவைப் பகலில் ஓட்டுகிறேன்.

அன்று அந்த ஆட்டோவின் பின் இருக்கையில் ஆன்டி உட்கார்ந்திருந்தார். மடியில் கைப்பை, கைப்பைக்கு மேல் இரண்டு கைகள். அம்பிட்டியவிலிருந்து கண்டி டவுன் வரைக்கும் வெளியேதான் பார்த்துக்கொண்டு வந்தார்.

மகள் ஷிரோமிக்கு லீவு கிடைக்கவில்லை. தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் நோயாளிகளுக்கு நம்பர் கொடுக்கும் மேசையில் வேலை செய்கிறாள். அதற்கு முந்தின நாள் போனில் சொன்னாள்: "அம்மாவக் கூட்டிட்டுப் போ திவா. நூலை அவங்களே எடுக்கட்டும். நீ நடுவுல பூந்து ஏதாவது சொல்லி வைக்காத."

நூல் எதற்கு என்று சொல்ல வேண்டும். கல்யாணம் கட்டுக்கலைப் பிள்ளையார் கோவிலில். ஆன்டி மாதா கோவிலில் வைக்கக் கேட்டுப் பார்த்தார். என் அம்மா அங்கம்மா அசையவில்லை. கடைசியில் ஆன்டி "செய்யுங்க" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டு, அதற்குப் பிறகு வீட்டில் கல்யாணத்தைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிட்டார். ஷிரோமி அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். கூறைச் சேலைக்குப் போடுகிற பிளவுஸின் கையிலும் கழுத்திலும் அம்மா பின்னிய ரேந்தை வேண்டும்.

ஆன்டி தெற்கே காலி நகரத்தில் பிறந்து வளர்ந்தவர். அங்கே கன்னியர் மடத்தில் பீரலு பழகியவர். சின்ன மரக் கட்டைகளில் நூலைச் சுற்றித் தொங்கவிட்டு, உருளைத் தலையணையில் குண்டூசிகளைக் குத்தி, கட்டைகளை ஒன்றின் மேல் ஒன்றாக மாற்றிப் போட்டுப் பின்னுகிற லேஸ்தான் அந்தப் பீரலு ரேந்தை. அம்பிட்டிய மாதா கோவிலின் பீடத் துணிகளுக்கெல்லாம் அவருடைய ரேந்தைதான். எல்லாம் பருத்தி நூல், எல்லாம் வெள்ளை.

விஷயம் மடுல்கெல்லவுக்குப் போனதும் என் அம்மா சொன்னது: "கல்யாணப் பொண்ணு மேல வெள்ளைய ஏத்தாதீங்க சாமி. மத்தபடி என்ன வேணும்னாலும் பண்ணிக்கங்க."

எங்கள் ஆட்களுக்கு வெள்ளை தாலி அறுத்தவளின் நிறம். ஆன்டிக்கு அது மணப்பெண்ணின் நிறம். நடுவில் நின்று இரண்டு பக்கமும் செய்தி சுமந்தவன் நான். கடைசியில் ஆன்டிதான் இறங்கி வந்தார். பட்டு நூல் எடுக்கலாம், நிறத்தில் பின்னித் தருகிறேன் என்றார். இந்தக் கல்யாணத்துக்கு அவர் மனதோடு கொடுத்த சம்மதம் அது ஒன்றுதான்.

"அது மட்டும் என் மேல இருந்தா போதும்," என்றாள் ஷிரோமி. "அம்மா அன்னைக்கு மூஞ்சத் தூக்கி வச்சிட்டு இருந்தாலும் பரவால்ல. எனக்குத் தெரியும், அவங்க வந்துட்டாங்கன்னு."

ரேந்தை இல்லாமல் போனால் என்ன என்று நான் கேட்கவில்லை. கல்யாணம் நடக்கும். அவள் அழுதுகொண்டு உட்கார்ந்திருப்பாள்.

றம்லத்தின் கடை யட்டிநுவர வீதியில், மாடிப்படிக்குக் கீழே ஒடுங்கிக் கிடக்கிறது. பொத்தான், சிப், லைனிங் துணி, ஒரு சுவர் முழுக்க நூல். பகலிலும் ரியூப் லைட் எரியும். றம்லத் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஆன்டிக்குக் கதிரை போட்டாள். நான் நின்றேன்.

"பட்டா ஆன்டி, ஆர்ட் சில்க்கா? ரெண்டும் ஈக்கிது. பார்வைக்கு ஒண்ணுதான். எல்லாரும் ஆர்ட் சில்க்தான் எடுக்கிற."

"பார்வைக்கு எடுக்க நான் வரல. நெருப்புப் பெட்டி இருக்கா?"

ஆன்டி ஒவ்வொரு நூலிலும் நுனியைக் கிள்ளி எடுத்துக் கொளுத்தி மூக்கருகே பிடித்தார். "கடதாசி," என்று ஒன்றைத் தள்ளினார். "இதுவும் கடதாசி." அடுத்தது மயிர் கருகிய மணம் விட்டது, அசல் பட்டு. அதை மட்டும் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். மணந்து பார்க்கும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டார். அது அவருடைய ஸ்டைல் என்று நினைத்துக்கொண்டேன்.

கூறைச் சேலையிலிருந்து வெட்டிய துண்டொன்றைக் கைப்பையிலிருந்து எடுத்து, அதற்குப் பொருந்துகிற அரக்குச் சிவப்பை எடுத்தார். நல்ல பொருத்தம். நானும் தலையாட்டினேன். அவர் துண்டை மடித்துக் கைப்பைக்குள் வைத்தார்.

"இனித்தான் முக்கியமானது," என்றார். "நடக்கிற சோடி."

றம்லத்துக்குப் புரியவில்லை. ஆன்டி இடது கை விரல்களை விரித்து மேசையில் ஊன்றினார். "இதெல்லாம் நிக்கிற நூல். தொங்கிக்கிட்டு நிக்கும். ஒரே ஒரு சோடி மட்டும் இதுங்களுக்குள்ள பூந்து பூந்து அந்தக் கரைக்குப் போய்த் திரும்பி வரும்." வலது கையின் இரண்டு விரல்கள் இடது கை விரல்களுக்கு மேலும் கீழுமாக நடந்தன. "நிக்கிறது எத்தன நிறமா இருந்தாலும் நடக்கிறதோட நிறந்தான் எங்கயும் தெரியும்."

"பஸ் கண்டக்டர் மாதிரி," என்றாள் றம்லத்.

ஆன்டி சிரித்துவிட்டார். அவர் சிரித்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

"அதுக்குப் பொன் நிறம் வேணும். மினுக்கம் இல்லாத பொன், சந்தனம் மாதிரி."

றம்லத் ஒரு லாச்சியை இழுத்து அப்படியே மேசையில் வைத்தாள். ஆன்டி விரலை ஓடவிட்டு, ஒன்றை எடுத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "இதுதான். இதையே குடுங்க."

அது வெள்ளை. கலப்பே இல்லாத, பால் போன்ற வெள்ளை.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. நன்றாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறார் என்று நினைத்தேன். சிவப்பை எடுத்துக்கொண்டு சம்மதித்த மாதிரி இருப்பது, நடக்கிற சோடியில் வெள்ளையை ஏற்றுவது. சிவப்பு அடியில் கிடக்கும், மேலே எல்லாம் வெள்ளை. மணவறையில் என் அம்மா அதைப் பார்த்து வாயைத் திறப்பார். அதற்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் நடுவில் செய்தி சுமக்கக்கூட ஆள் தேவைப்படாது.

"ஆன்டி, இது வெள்ளை."

"என்னது?"

"வெள்ளை நூல்."

"தம்பி, நான் வெள்ளையிலயே வளந்தவ. எனக்கு வெள்ளையச் சொல்லித் தர வேணாம். இது சந்தனம்."

றம்லத் என்னைப் பார்த்தாள். நான் லாச்சியிலிருந்து உண்மையான சந்தன நிறத்தை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தேன். "அப்ப இது?"

ஆன்டி குனிந்து பார்த்தார். முகத்தில் சலிப்பு. "இதுவும் அதுவும் ஒண்ணுதானே. ஒரே நூலை எதுக்கு ரெண்டு தரம் காட்டுறீங்க?"

பொய் சொல்கிறவர்களை எனக்குத் தெரியும். ஆலையில் சூப்பர்வைசரிடம் நானும் நிறையச் சொல்லியிருக்கிறேன். இது அது இல்லை. நான் அவருடைய நேரத்தை வீணாக்குகிறேன் என்று அவர் மெய்யாகவே எரிச்சல்பட்டார். என் கோபம் போன இடம் தெரியவில்லை.

"ஆன்டி, இந்த லைட் சரியில்ல," என்றாள் றம்லத் மெதுவாக. "வாசலுக்குக் கொண்டு போய்ப் பாப்பமே."

அந்தக் குரலில் இருந்த இரக்கம் காட்டிக் கொடுத்துவிட்டது. ஆன்டி அவளுடைய முகத்தைப் பார்த்தார். பிறகு என் முகத்தை. இரண்டு நூலையும் லாச்சியில் திரும்ப வைத்தார். "பிறகு வாறோம்," என்று எழுந்து வெளியே நடந்தார்.

ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தார். நான் ஸ்டார்ட் பண்ணவில்லை.

"பீடத் துணி," என்றார்.

"என்ன ஆன்டி?"

"போன வருஷம் முழுக்க அந்தப் பீடத் துணியக் கொண்டாந்து கொண்டாந்து வெளுத்தேன். ரேந்தை மஞ்சளாப் போச்சுன்னு. எத்தன தரம் ஊற வச்சாலும் அதே மஞ்சள். கடைசியில நூல் இத்துப் போய்க் கையோட வந்திருச்சு. ஃபாதர் ஒண்ணுமே சொல்லல. நான்தான் கோவில் கூட்டுற பிள்ளையப் பிடிச்சு ஏசினேன், கறி தின்ன கையால தொட்டியான்னு."

"அது வெள்ளையாத்தான் இருந்திருக்கும்," என்றேன். சொல்லாமல் விட்டிருக்கலாம்.

"ஆமா," என்றார்.

ஒரு பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு எங்களை உரசிப் போனது.

"ஷிரோமிகிட்ட சொல்லாதீங்க தம்பி."

"நான் சொல்ல மாட்டேன். நீங்க சொல்லணும்."

"சொன்னா, முதல்ல கண்ணு, பிறகு கல்யாணம்னு நிப்பா. அவ ஆஸ்பத்திரியில இருக்கிறவ. தள்ளி வச்சிருவா. உங்க அம்மா என்ன சொல்லுவாங்க? நான் வேணும்னே கண்ணச் சாட்டா வச்சு நிப்பாட்டுறேன்னு சொல்லுவாங்க."

"சொல்லுவாங்க. நானே இப்ப உள்ள நிக்கும்போது நினைச்சேன்."

கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "என்னன்னு?"

"வேணும்னே வெள்ளைய எடுக்கிறீங்கன்னு."

"அவ்வளவு புத்தி எனக்கு இருந்திருந்தா எடுத்திருப்பேன்," என்றார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார். "வீட்டுல விடுங்க. ரேந்தை வேணாம். கடையில ஏதாவது வாங்கித் தைச்சுக்கட்டும்."

நான் சாவியைத் திருகவில்லை. ஆறுதல் சொல்ல எனக்கு வராது. தெரிந்ததைத்தான் சொன்னேன்.

"கை நல்லாத்தானே இருக்கு?"

"கைய வச்சு என்ன செய்ய?"

"ஆலையில கரண்ட் போனா மெஷின் நிக்கும், எங்களை நிக்க விட மாட்டாங்க. இருட்டுலயே அறுந்த நுனியத் தடவிப் பிடிச்சு முடிஞ்சு வைப்போம். லைட் வந்து பார்த்தா எல்லாம் சரியா இருக்கும்."

"அது ஒரே நிறம்."

"நிறத்த நான் பார்க்கிறேன். நீங்க என்ன வேணும்னு சொல்லுங்க."

"ஆம்பிளைங்களுக்கு நாலு நிறந்தான் தெரியும். அதுலயும் ஒண்ணு அழுக்கு."

"சோதிச்சுப் பாருங்க."

வீதியைக் கடந்துகொண்டிருந்த ஒரு பெண்ணைத் தாடையால் காட்டினார். "அந்தப் பிள்ளை கட்டியிருக்கிற சேலை?"

"ரோஸ்."

"என்ன ரோஸ்? வயித்து மருந்து ரோஸா, ஜம்புப் பழ ரோஸா?"

திரும்பவும் பார்த்தேன். இந்தத் தரம் ஒழுங்காகப் பார்த்தேன். "ஜம்பு. ஆனா முழுக்கப் பழுக்கல. காம்புப் பக்கம் வெளிறி இருக்குமே, அந்த நிறம்."

ஆன்டி கைப்பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்.

றம்லத் எங்களைத் திரும்பக் கண்டதும் எல்லா லாச்சிகளையும் இழுத்து மேசையில் அடுக்கினாள்.

"பலாச்சுளை," என்றார் ஆன்டி.

"வரக்காவா ஆன்டி?" என்றேன்.

"வரக்காதான். கொழகொழன்னு இருக்கிற கூழன் யாருக்கு வேணும்?"

ஒன்றை எடுத்தேன். றம்லத் தலையாட்டினாள். "அது மாம்பழம். இதப் பாருங்க." அவள் எடுத்தது சரி. ஆன்டி அதை வாங்கி, பட்டுதானா என்று கீழுதட்டில் ஒரு இழை இழுத்துப் பார்த்துவிட்டு வைத்தார்.

"வெரலிக்காய்ப் பச்சை."

"அவிச்சதா, அவிக்காததா?" என்று கேட்டாள் றம்லத். "அவிச்சாப் பழுத்துப் போகும். அவிக்காததுண்டாக் கல்லு மாதிரி பச்சை."

"உப்புப் போட்டுத் தின்ன எடுப்போமே, அந்தப் பச்சை."

அதற்கு எங்கள் மூன்று பேருக்குள்ளும் சண்டை வந்தது. நான் எடுத்ததை றம்லத் பாசி என்றாள். அவள் எடுத்ததை நான் இராணுவம் என்றேன். ஆன்டி எதையும் பார்க்காமல் நடுவில் உட்கார்ந்து, "ஓரத்துல கொஞ்சம் மஞ்சள் அடிக்குதா? அடிக்கலன்னா அது இல்ல," என்று தீர்ப்புச் சொன்னார். நான்காவது நூலில் மஞ்சள் அடித்தது.

"இனி நடக்கிற சோடி," என்றேன். "பொன் நிறமே எடுப்போமா?"

ஆன்டி யோசித்தார். "ஷிரோமிக்கு என்ன நிறம் பிடிக்கும்?"

"உங்களுக்குத் தெரியாதா?"

"முதல் நன்மைக்கு வெள்ளை தைச்சேன். ஸ்கூலுக்கு வெள்ளை. பெருநாளுக்கும் வெள்ளைதான். நான் அவளக் கேட்டதே இல்ல."

"நீலம்," என்றேன். யோசிக்கத் தேவையிருக்கவில்லை. "மயில் கழுத்து நீலம். குடை, கைப்பை, போன் கவர், இப்ப கொஞ்ச நாளா வாங்குற சட்டை எல்லாம் அதுதான்."

"கறுப்பு," என்றார் ஆன்டி.

"எது?"

"குடை கறுப்பு. சட்டையும் கறுப்பு. கல்யாணப் பேச்சு தொடங்கினதிலருந்து பிள்ளை கறுப்பாத்தான் உடுத்துது."

றம்லத் நூல் அடுக்குவதை நிறுத்தினாள்.

"நான் மனசில்லாமத்தான் சரின்னு சொன்னேன்னு அவளுக்குத் தெரியும். அதுக்குத்தான் துக்கத்துக்கு உடுத்துற மாதிரி உடுத்துறான்னு நினைச்சேன். என் கண்ணுல படணும்னே செய்றான்னு. நானும் விட்டுக் குடுக்கல. அதுதான் ஒண்ணும் பேசாம இருந்தேன்."

"நீலம் ஆன்டி. கண்ணைப் பறிக்கிற நீலம். பஸ் ஸ்டாண்ட்ல அத்தனை கூட்டத்துலயும் அதை வச்சுத்தான் நான் அவளக் கண்டுபிடிக்கிறது. போட்டா பைத்தியம் மாதிரிச் சந்தோஷமா இருப்பா."

அவர் கை நீட்டினார். றம்லத் தேடி எடுத்து அந்த நிறத்தை அவருடைய உள்ளங்கையில் வைத்தாள். ஆன்டி அதைக் கண்ணருகே கொண்டு போனார், தூரப் பிடித்தார், வாசல் வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"எனக்குக் கறுப்புத்தான்," என்றார். றம்லத்தின் பக்கம் திரும்பி, "இது நீலமா மகள்?" என்று கேட்டார்.

"அல்லாஹ் அறிய நீலம் ஆன்டி."

"அப்ப நடக்கிறது இதுதான்."

"உங்களுக்கே தெரியாத நிறத்த எப்பிடி..." என்று தொடங்கினேன்.

"நிக்கிற நூலைத்தான் தம்பி பிரிச்சறியணும், எது சிவப்பு, எது மஞ்சள்னு. அதுக்குக் கட்டையில ஏதாவது அடையாளம் கட்டிக்கலாம். நடக்கிற சோடி கைய விட்டுப் போகாது. கையிலயே இருக்கிறத எதுக்குப் பார்க்கணும்?"

வீட்டுக்கு வந்ததும் அவர் என்னைப் போகச் சொல்லவில்லை. மேசையைத் துடைத்து, அலுமாரியிலிருந்து கட்டைகளை எடுத்துப் பரப்பினார். ஒரே நூலின் இரண்டு நுனியும் இரண்டு கட்டைகளில் ஏற வேண்டும். அதுதான் ஒரு சோடி. நான் சுற்றினேன். சிவப்புக் கட்டைகளின் கழுத்தில் றப்பர் பேண்ட், மஞ்சளுக்குப் பருத்தி நூலில் ஒரு முடிச்சு, பச்சைக்கு ஒன்றுமில்லை.

"இறுக்காதீங்க. ஆரோட கழுத்த நெரிக்கிறீங்க?"

"பட்டு வழுக்குது ஆன்டி."

"வழுக்கத்தான் செய்யும். முடிச்ச ரெண்டு தரம் போடுங்க. ஆலையில இவ்வளவுதான் சொல்லிக் குடுத்தாங்களா? நல்ல காலம், விட்டுட்டு வந்தீங்க."

அந்த ஆலையை விட்டதைப் பற்றி யாரும் எனக்கு அப்படிச் சொன்னதில்லை. கட்டைகள் எல்லாம் ஏறியதும் தலையணையை மடிக்குக் கிட்ட இழுத்துப் பித்தளைக் குண்டூசிகளைக் குத்தினார். இரும்பு ஊசி பட்டில் துரு ஏற்றிவிடுமாம். தடவிப் பார்த்துத்தான் குத்தினார். ஒன்றுகூட இடம் மாறவில்லை.

ஷிரோமி வேலையால் வரும்போது வெளிச்சம் இன்னும் இருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றியவள் அப்படியே நின்றாள். நானும் அவளுடைய அம்மாவும் ஒரே மேசையில் உட்கார்ந்திருப்பதை அவள் அதற்கு முன்னால் கண்டதில்லை.

"இங்க வா," என்றார் ஆன்டி. கிட்டே போனதும் அவளுடைய சட்டைக் கையைப் பிடித்து இழுத்து முகத்தருகே வைத்துப் பார்த்தார். "இது நீலமாம்."

"நீலந்தான். ஏன்மா?"

"எனக்குக் கறுப்பாத் தெரியுது. வெள்ளையும் மஞ்சளும் ஒண்ணாத் தெரியுது. கனநாளா இப்பிடித்தான்." ஒரு மூச்சில் சொல்லிவிட்டார். "கண்ணுல படலமா இருக்கும். காட்டுவோம், நீயே கூட்டிட்டுப் போ. ஆனா கல்யாணத்தத் தள்ளி வைக்கிற கதை கதைச்சா இந்தத் தலையணையத் தூக்கி ரோட்டுல எறிவேன்."

ஷிரோமி என்னைப் பார்த்தாள். நான் மிச்சமிருந்த நூலைச் சுற்றிக்கொண்டிருந்தேன். அவள் அம்மாவின் கதிரைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, மேசை விளிம்பில் தலையைச் சாய்த்தாள். தோள் குலுங்கியது.

"அழுறதுன்னா அந்தப் பக்கம் போய் அழு," என்றார் ஆன்டி. "தண்ணி பட்டா பட்டுல கறை விழும்."

சொன்னாரே தவிர, ஒரு கையை எடுத்து அவளுடைய தலையில் வைத்துக்கொண்டார். பின்னுவதற்கு இரண்டு கையும் வேண்டும் என்பதால் கொஞ்ச நேரத்தில் எடுத்தார்.

நடக்கிற சோடியைக் கையில் எடுத்தார். கட்டைகள் ஒன்றோடொன்று மோதிச் சத்தமிட்டன. நீலம் சிவப்புக்குள் நுழைந்து, மஞ்சளுக்கு மேலே ஏறி, பச்சைக்கு அடியால் அந்தக் கரைக்குப் போனது. அவர் ஊசியைக் குத்தி நூலை இழுத்துப் பிடித்தார்.

"நீலம் தெரியுதா?" என்று கேட்டார்.

யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை. நானும் ஷிரோமியும் ஒரே நேரத்தில் பதில் சொன்னோம்.